சும்மா சுற்றும் சரக்கு ரயில்கள்

அமெரிக்க வீடுகள் பலவற்றில் தரைத்தளத்துக்குக் கீழே பேஸ்மெண்ட் என்று ஓர் அறை உண்டு. துணி துவைக்கும் மெஷின், பழைய சோபா, யாரும் ஓட்டாத சைக்கிள் இத்யாதி எல்லாம் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும். சில வீடுகளில் மட்டும் அந்த அறை முழுக்க மரச்சட்டம் அடித்து, அதன்மேல் மலை, ஆறு, பாலம், ஊர், ஸ்டேஷன் எல்லாம் செய்துவைத்து ஒரு குட்டி ரயில்வே ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பொம்மை ரயில் என்று சொன்னால் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிடும். மாடல் ரயில்ரோடு என்று சொல்ல வேண்டும். அந்த மொத்த அமைப்புக்கு லேஅவுட் என்று பெயர்.

பொம்மைக்கும் மாடலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் உடனே வரும் பதில், ரியலிசம். நிஜத்தில் இருப்பது போலவே இருப்பது. அங்கே மிகப் பிரபலமான எச்.ஓ. அளவில் எல்லாமே நிஜத்தின் 87ல் ஒரு பங்கு. வேகன் கதவில் எத்தனை ரிவெட், ஏணியில் எத்தனை படி, எந்த வருடம் எந்தக் கம்பெனி எந்தச் சிவப்பு பெயிண்ட் அடித்தது, அதில் துரு எப்படிப் பிடித்தது என்பதெல்லாம் போட்டோ பார்த்துச் சரிபார்க்கப்படும். தப்பாக ஒரு ரிவெட் இருந்தால் அதைச் சொல்லிக்காட்ட நாலு பேர் வருவார்கள்.

சரி, இவ்வளவும் ஆச்சு. ஸ்விட்சைப் போடுகிறார்கள். அந்த அருமையான சரக்கு ரயில் கிளம்புகிறது. மலையைச் சுற்றுகிறது, குகைக்குள் நுழைகிறது, வெளியே வருகிறது, மறுபடி மலையைச் சுற்றுகிறது. அரைமணி நேரம் கழித்து வந்து பார்த்தாலும் அதே இன்ஜின், அதே இருபது வேகன், அதே வரிசை. எந்த ஊரிலும் ஒரு மூட்டைகூட இறங்கியிருக்காது!

இதற்குப் பெயர் ரியலிசமா? ரயிலின் உடம்பை 87ல் ஒரு பங்காகச் சுருக்கியவர்கள், ரயிலின் வேலையைச் சுருக்கவே இல்லை. மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். வேலையில்லாத சரக்கு ரயில், எவ்வளவு துல்லியமாகப் பெயிண்ட் அடித்திருந்தாலும், சாவி கொடுத்தால் சுற்றுகிற பொம்மைக்கு விலை உயர்ந்த அண்ணன்தான்.

சரக்கு ரயில் என்றால் என்ன?

இன்று இந்தியாவில் லெவல் கிராசிங்கில் நின்று கூட்ஸ் வண்டி பார்க்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியே விசித்திரமாக இருக்கும். ஐம்பத்துச் சொச்சம் வேகன், எல்லாம் ஒரே மாதிரி, எல்லாவற்றிலும் நிலக்கரி. அல்லது எல்லாவற்றிலும் சிமெண்ட். ஒரே இடத்தில் ஏற்றி ஒரே இடத்தில் இறக்குவது. காரணம், இந்திய ரயில்வே 1980களில் ஒற்றை ஒற்றை வேகனாகச் சரக்கு ஏற்றும் பழக்கத்தைக் குறைத்து, முழு ரேக்காக ஓட்டுவதற்கு மாறியது.

அமெரிக்க மாடல்காரர்களில் ஏராளமானோர் விரும்பித் தேர்ந்தெடுக்கும் காலம் 1950கள். நீராவி இன்ஜின் போய் டீசல் வந்துகொண்டிருந்த நேரம். அன்றைய சரக்கு ரயில் வேறு ஜாதி. இருபது வேகன் இருந்தால் இருபதுக்கும் இருபது கதை.

உதாரணமாக ஓஹயோவில் கிழக்கே போகும் ஒரு ரயிலை எடுத்துக்கொள்ளலாம். ஆரஞ்சு நிற வேகனில் கலிபோர்னியாவின் சலினாஸ் பக்கத்திலிருந்து நியூயார்க்குக்கு லெட்டூஸ் கீரை போகிறது. வழியில் அங்கங்கே நிறுத்தி வேகனின் இரண்டு ஓரங்களிலும் உள்ள தொட்டிகளில் ஐஸ் கொட்டினால்தான் கீரை வாடாமல் போய்ச் சேரும். அடுத்தது மூடிய பாக்ஸ்கார். அதில் ஆரிகன் மாநிலத்து மரப்பலகை, ஒரு சின்ன ஊர் மரக்கடைக்கு. அதற்கடுத்த திறந்த வேகன் காலி, இரும்பாலைக்குப் போகிறது, அங்கே போய்த்தான் ஏற்ற வேண்டும். பின்னால் ஒரு டேங்க் வேகன், பெட்ரோல் டிப்போவுக்கு.

ஒவ்வொரு வேகனுக்கும் வேபில் என்று ஒரு காகிதம். எங்கிருந்து, எங்கே, யாருக்கு, என்ன சரக்கு, எந்தெந்த ரயில்வே வழியாக... எல்லாம் அதில் இருக்கும். ரயிலின் கடைசியில் ஓடும் கபூஸ் என்கிற பெட்டியில் (இந்தியாவின் கார்டு வேன் மாதிரி) கண்டக்டர் உட்கார்ந்திருப்பார். டிக்கெட் கொடுக்கிற கண்டக்டர் இல்லை. அந்த ரயிலுக்கே பொறுப்பாளர். வேபில் கட்டு அவர் கையில்தான். அந்தக் கட்டு இல்லையென்றால் அது ரயில் இல்லை, இன்ஜினுக்குப் பின்னால் மாட்டிய இரும்பு.

வேகனின் சொந்தக்காரர் யார் என்பதும் ஒரு கதை. பாக்ஸ்கார் ஊர்சுற்றி. ஒரு கம்பெனியின் பாக்ஸ்கார் நாட்டின் எந்த மூலையில் வேண்டுமானாலும் தென்படும். அடுத்தவர் தண்டவாளத்தில் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் அடுத்தவர் வாடகை கொடுக்க வேண்டும். ஆகவே இறக்கியதும் அதைச் சீக்கிரம் துரத்திவிடத்தான் பார்ப்பார்கள். நிலக்கரி வேகன் அப்படி அலையாது. சுரங்கத்துக்கும் வாங்குகிற ஆளுக்கும் நடுவே போய்வரும். ரொம்பி ஒரு பக்கம் போகும், காலியாகத் திரும்பும்.

ரயிலுக்குள் எந்த வேகன் எங்கே நிற்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. முதலில் கழற்ற வேண்டியவை சேர்ந்து ஒரு கொத்தாக இருக்கும். ஆபத்தான சரக்கு என்று பலகை மாட்டிய டேங்க் வேகனை, ரயிலின் நீளம் இடம்கொடுத்தால், இன்ஜினிலிருந்து ஆறாவது இடத்துக்கு முன்னால் வைக்கக்கூடாது என்பது அமெரிக்க விதி. ஆட்கள் இருக்கும் கபூஸுக்கும் அதே கணக்கு.

இனி அந்தப் பேஸ்மெண்ட் ரயிலைத் திரும்பிப் பாருங்கள். டேங்க் வேகன் இன்ஜினுக்கு நேர் பின்னால். ஏன்? பார்க்க அழகாக இருக்கிறது. நிலக்கரி வேகனில் பிளாஸ்டிக் நிலக்கரி ஒட்டியிருக்கிறது. மின்நிலையத்தைக் கடந்து போகிறது, சுற்றி வந்து சுரங்கத்தைக் கடக்கிறது, அதே நிலக்கரியோடு! திருநெல்வேலிக்கே அல்வா கொண்டுபோகிற ரயில். ரிவெட்டை எண்ணினவர் கண்ணுக்கு இது மட்டும் படுவதில்லை.

கணக்கும் உதைக்கிறது

எச்.ஓ. அளவில் ஒரு மைல் என்பது சுமார் 60 அடி. புதிதாக ஆரம்பிக்கிறவர் வழக்கமாக 4க்கு 8 அடி பிளைவுட் பலகையில் ஒரு வட்டம் போடுவார். அதன் மொத்தச் சுற்று 18 அடி இருந்தால் அதிகம். அதாவது ஒரு மைலில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மணிக்கு 60 மைல் வேகம் என்றால் மாடலில் நொடிக்கு ஓர் அடி. ஆக, நிஜமான வேகத்தில் ஓட்டினாலே பதினெட்டு நொடிக்கு ஒருமுறை அதே ஸ்டேஷன் வந்துவிடும். பெரும்பாலானவர்கள் அதைவிட வேகமாக ஓட்டுகிறார்கள் என்பது தனிச் சோகம்.

பழைய 40 அடி பாக்ஸ்கார், கொக்கியோடு சேர்த்து, மாடலில் ஏறக்குறைய ஆறு அங்குலம். இருபது வேகன் என்றால் பத்து அடி. 18 அடி வட்டத்தில் 10 அடி ரயில்! இன்ஜின் தன் கபூஸையே துரத்திக்கொண்டு ஓடுகிறது. நிஜத்தில் நூறு வேகன் ரயில் சாதாரணம். அதை அப்படியே செய்ய 50 அடி வேண்டும். யார் வீட்டிலும் முடியாது.

நீளத்தில் நிஜத்தைத் தொடவே முடியாது என்பது இந்தப் பொழுதுபோக்கில் முதல் நாளே தெரிந்த உண்மை. தூரத்திலும் முடியாது. ஆனால் வேலையில் முடியும். ஒரு வேகனை ஒரு தொழிற்சாலை வாசலில் விட்டுவிட்டு வருவது, 87ல் ஒரு பங்கு அளவிலும் அதே வேலைதான். அதே யோசனை, அதே தலைவலி, ஏறக்குறைய அதே நேரம். சுருக்கத் தேவையே இல்லாத ஒரே விஷயம் அது. அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

ஒரே ஒரு வேகனை விட்டுவர எவ்வளவு பாடு!

தொழிற்சாலைக்குப் பிரிந்து போகும் ஒற்றைத் தண்டவாளத்தை சைடிங் என்பார்கள். ரயில் போகும் திசையில் பாயிண்டைத் தாண்டியபின் பின்னோக்கிப் போனால் சைடிங்குக்குள் நுழையலாம் என்றால் பிரச்சினை இல்லை. இன்ஜின் பாயிண்டைத் தாண்டி நிற்கும், பிரேக்மேன் இறங்கிப் பாயிண்டை மாற்றுவார், வேகனைப் பின்னால் தள்ளி விட்டுவிட்டு வந்துவிடலாம்.

சைடிங் எதிர்த்திசையில் பிரிந்தால்? வேகன் இன்ஜினுக்குப் பின்னால் இருக்கிறது. அப்படியே சைடிங்குக்குள் போனால் இன்ஜின் உள்ளே மாட்டிக்கொள்ளும், வேகன் வெளியே நிற்கும். ஆகவே பக்கத்தில் இரட்டைத் தண்டவாளம் உள்ள இடத்துக்குப் போய், வேகனைக் கழற்றி, இன்ஜின் பக்கத்து லைன் வழியாகச் சுற்றி வந்து மறுமுனையில் மாட்டி, தள்ளிக்கொண்டு போய் விட வேண்டும். அந்த இரட்டை லைனில் மூன்று வேகனுக்குத்தான் இடம், ரயிலில் இருப்பது ஐந்து என்றால்? சைடிங்கில் ஏற்கெனவே ஒரு காலி வேகன் நின்றால்? பின்னாலேயே எக்ஸ்பிரஸ் வருகிறது, பத்து நிமிடத்தில் மெயின் லைனைக் காலி செய்ய வேண்டும் என்றால்?

தினமும் காலையில் கிளம்பும் உள்ளூர்ச் சரக்கு ரயிலின் கண்டக்டர் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது இந்தப் புதிர்தான். நல்ல கண்டக்டர் யார், சுமாரான கண்டக்டர் யார் என்பது இதில்தான் தெரியும். ரிவெட்டில் தெரியாது.

புதுக் கண்டுபிடிப்பா இது? இல்லவே இல்லை

மாடல் ரயில்ரோடர் பத்திரிகை மில்வாக்கி நகரத்தில் 1934ல் ஆரம்பித்தது. அதற்குப் பத்து வருடம் கழித்து, 1940களிலேயே, நியூ ஆர்லியன்ஸ்காரரான ஃபிராங்க் எலிசன் தன் டெல்டா லைன்ஸ் லேஅவுட்டை வைத்து இதைச் சொல்லிவிட்டார். நாடகத் துறைப் பின்னணி உள்ளவர். லேஅவுட் என்பது மேடை, ரயில்கள் நடிகர்கள், கால அட்டவணைதான் கதை என்ற ரீதியில் எழுதினார். கதையே இல்லாமல் நடிகர்கள் மேடையைச் சுற்றிச்சுற்றி நடந்தால் யார் டிக்கெட் வாங்குவார்கள்?

கலிபோர்னியாவில் மாண்டரேயில் இருந்த ஜான் ஆலன் போட்டோகிராபர். அவருடைய கோரி அண்ட் டிஃபீட்டட் லேஅவுட்டின் அழகைப் பார்த்துத்தான் இரண்டு தலைமுறை மாடல்காரர்கள் மலை செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1973 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாட்களிலேயே அந்த லேஅவுட் தீயில் போய்விட்டது. அவர் மலையைக் காப்பியடித்தவர்கள் மறந்த விஷயம் ஒன்று உண்டு. அவர் அந்த ரயில்வேயை நண்பர்கள் கூட்டத்தோடு முறையாக இயக்கினார். ஷண்டிங் செய்வதையே விளையாட்டாக்கி டைம்சேவர் என்ற குட்டிப் புதிரை 1972ல் வெளியிட்டார். (அவரிடம் ஷண்டிங் செய்ய எம்மா என்ற டைனோசரும் இருந்தது. ரியலிசக் காவலர்கள் மன்னிக்கவும் :-) அந்த டைனோசர்கூட வேகனை எங்கேயாவது கொண்டுபோய் விட்டது, சும்மா சுற்றவில்லை!)

1961ல் டக் ஸ்மித் வேகனுக்கு ஓர் அட்டை, சரக்குக்கு ஒரு குட்டி வேபில் என்ற முறையை எழுதினார். 1977ல் புரூஸ் சப், லேஅவுட்டை எப்படி இயக்குவது என்று தனிப் புத்தகமே போட்டார். ஓஹயோவில் ஆலன் மெக்லெலண்ட், வர்ஜீனியன் அண்ட் ஓஹயோ என்ற கற்பனை ரயில்வேயைக் கட்டி, 'பேஸ்மெண்டுக்கு அப்பால்' என்ற யோசனையைப் பரப்பினார். சுவருக்கு அந்தப் பக்கமும் நாடு இருக்கிறது. அங்கிருந்து வேகன் வருகிறது, அங்கேயே போகிறது. கண்ணுக்கு மறைவாக நாலைந்து லைன் போட்டு அதற்குச் சிகாகோ என்று பெயர் வைத்தால் போதும், மறைவான லைன் சிகாகோ ஆகிவிடும். டோனி கோஸ்டர் 2003ல் இதையெல்லாம் தொகுத்துப் புத்தகமாக்கினார்.

ஆக, எண்பது வருடமாகப் பத்திரிகையிலும் புத்தகத்திலும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். 'தெரியாது' என்று சொல்ல யாருக்கும் வழியில்லை.

பிறகு ஏன் செய்வதில்லை? விற்க முடியாததால்!

அட்டை முறைக்கு என்ன செலவு? ஒரு கட்டு அட்டை, ஒரு பென்சில். அவ்வளவுதான். ஒவ்வொரு வேகனுக்கும் ஓர் அட்டை, அதில் ஒரு சின்னப் பை. பைக்குள் ஒரு துண்டுச் சீட்டு. சீட்டில் முன்னும் பின்னும், மேலும் கீழுமாக நாலு இடங்கள். முதல் தடவை: காலியாக மரக்கிடங்குக்கு. இரண்டாவது: பலகையோடு நியூயார்க் பக்கம், அதாவது மறைவான லைனுக்கு. மூன்றாவது: மிஷின் உதிரிபாகங்களோடு தொழிற்சாலைக்கு. நாலாவது: காலியாகச் சொந்த ஊருக்கு. ஒரு வேலை முடிந்ததும் சீட்டைத் திருப்பி வைத்தால் அடுத்த வேலை தயார். கொக்கியைக் கழற்ற மூங்கில் குச்சி ஒன்று போதும். பெரிய பெரிய லேஅவுட்காரர்களே அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இதில் கடைக்காரருக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை. சத்தம் போடும் டீசல் இன்ஜின் பல நூறு டாலர். புதுசாக ஒரு வேகன் வந்தால் அது இன்னொரு ஐம்பது டாலர். ரியலிசத்தை டப்பாவில் அடைத்து விற்க முடிந்த வரைக்கும் அது ரியலிசம். அட்டையில் எழுதி வைத்தால் அது 'சிலருடைய தனி விருப்பம்'. இப்படித்தான் இந்தப் பொழுதுபோக்கு பழகிவிட்டது.

அதன் விளைவு ரயிலிலேயே தெரியும். வாங்குகிறவர் ஒவ்வொன்றிலும் ஒன்று என்று வாங்குகிறார். இருபது வேகன், இருபது கம்பெனி, இருபது நிறம், சர்க்கஸ் ஊர்வலம் மாதிரி. 1950களின் நிஜ ரயிலில் அப்படி இருக்காது. பழுப்புச் சிவப்பில் பாக்ஸ்கார், அடுத்ததும் அதே, அதற்கடுத்ததும் அதே. பென்சில்வேனியா, நியூயார்க் சென்ட்ரல் மாதிரி பிரம்மாண்டமான கம்பெனிகளின் பாக்ஸ்கார் எங்கே பார்த்தாலும் நிற்கும். சின்னக் கம்பெனியின் வேகன் எப்போதாவது தலைகாட்டும்.

இன்னொரு வேடிக்கை. பீர், ஹாம், வெண்ணெய் விளம்பரம் எழுதிய கலர் கலரான ஐஸ் வேகன்கள் மாடல் கடையில் சக்கைப்போடு போடும். அமெரிக்காவின் ஐ.சி.சி. (கிரிக்கெட் இல்லை, மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தைக் கவனித்த ஆணையம்) 1934லேயே அந்த விளம்பர வேகன்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சில வருடங்களில் அவை தண்டவாளத்திலிருந்து மறைந்தும் போயின. ஆனால் 1955ஐக் காட்டும் லேஅவுட்களில் இன்றைக்கும் ஜோராக ஓடிக்கொண்டிருக்கின்றன. வேகன் அட்டை எழுத உட்கார்ந்தவருக்கு 'இது யாருடையது, எதற்கு இங்கே வந்தது?' என்ற கேள்வி வரும். கேள்வி வந்தால் அந்த வேகன் வாங்கும் ஆசை போய்விடும். வியாபாரத்துக்கு நல்லதில்லை பாருங்கள்!

அவர்கள் சொல்லும் நியாயங்கள்

"பொழுதுபோக்குதானே, ஏன் இவ்வளவு சீரியஸாக?" நியாயமான கேள்வி. ஞாயிற்றுக்கிழமை டீ கப்போடு உட்கார்ந்து ரயில் சுற்றுவதைப் பார்ப்பது சுகம்தான். அதில் தப்பே இல்லை. அப்படிப் பார்க்கிறவர் 'இது சும்மா சுற்றுகிறது, எனக்குப் பிடித்திருக்கிறது' என்றால் அங்கே சண்டையே கிடையாது. அடுத்தவர் வேகனில் ரிவெட் தப்பு என்று வகுப்பெடுத்துவிட்டு, தன் வேகன் எங்கே போகிறது என்று ஒருநாளும் கேட்டுக்கொள்ளாதவரிடம்தான் சண்டை.

"ஆபீஸில் காகிதம் பார்த்துவிட்டு வீட்டிலும் காகிதமா?" குறுக்கெழுத்தும் காகிதம்தான். கேரம்போர்டிலும் விதி உண்டு. விதி இருப்பதால்தான் அது விளையாட்டு. அட்டை கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இந்த வேகன் எங்கே போக வேண்டும்? மீதியெல்லாம் ஓட்டுகிறவர் மூளைக்கு விட்டது.

ஆனால் இந்தக் குறையில் பாதி உண்மை இருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். சில லேஅவுட்களில் விருந்தாளி வந்ததும் கையில் தடித்த விதிப் புத்தகம் கொடுக்கிறார்கள். தப்பாக ஒரு பாயிண்டை மாற்றினால் டிஸ்பாட்சர் கத்துகிறார். ஒரு தடவை திட்டு வாங்கினவர் மறுபடி அந்தப் பக்கம் தலைவைக்க மாட்டார். வேகனுக்கு வேலை கொடுக்கத் தெரிந்தவர்கள், மனிதர்களுக்கு மரியாதை கொடுக்கத் தெரியாமல் போனதால் கெட்டுப்போன பெயர் இது. மெக்லெலண்ட் எல்லா விஷயத்திலும் 'போதுமான அளவு நன்றாக இருந்தால் போதும்' என்ற கொள்கைக்காரர். விதிக்கும் அதே அளவுகோல் போதும்.

"இடமில்லை." இதுதான் இருப்பதிலேயே பலவீனமான சாக்கு. வட்டத்துக்குத்தான் இடம் வேண்டும். எச்.ஓ. ரயில் திரும்ப மூன்று அடிக்கு மேல் அகலம் கேட்கும். ஓர் அடி அகலம், எட்டு அடி நீளத்தில் சுவரோரம் ஒரு பலகை அடித்தால் இரண்டு தொழிற்சாலை, ஓர் இரட்டை லைன், ஒரு மறைவான லைன் எல்லாம் அடங்கிவிடும். லான்ஸ் மிண்ட்ஹைம் மியாமி நகரத்துத் தொழிற்பேட்டைத் தண்டவாளங்களை வைத்து இந்த மாதிரி வேலையைத்தான் பல வருடங்களாகச் செய்துகாட்டுகிறார். நடைவேகத்தில் இன்ஜின் நகர, பாயிண்டில் நிறுத்தி, ஆள் இறங்கி ஏறும் நேரத்தையும் விட்டு ஓட்டினால், மூன்று வேகனே ஒரு முழு சாயங்காலத்துக்குப் போதும்.

"கூட ஆள் இல்லை." உள்ளூர்ச் சரக்கு ரயிலுக்கு ஒரு ஆள் போதும். அவரே டிரைவர், அவரே கண்டக்டர், அவரே பிரேக்மேன்.

போவது வெறும் விளையாட்டு இல்லை

விளையாட்டு என்று விட்டுவிடவும் முடியாது, ஏனென்றால் மாடல் செய்கிறவர்கள் எதை மாடல் செய்கிறார்களோ அது நிஜத்தில் இப்போது இல்லை.

1980ல் வந்த ஸ்டாகர்ஸ் சட்டம் அமெரிக்க ரயில் கம்பெனிகளுக்குக் கட்டணம் நிர்ணயிப்பதில் நிறைய சுதந்திரம் கொடுத்தது. லாபமில்லாத கிளை லைன்களைக் கைகழுவுவதும் சுலபமாயிற்று. சின்ன ஊர் மரக்கடைக்கு ஒற்றை வேகன் விடும் வேலை லாரிக்குப் போனது. அதே பத்தாண்டில் கபூஸ் போயிற்று. அதற்குப் பதில் கடைசி வேகனின் கொக்கியில் மாட்டிய ஒரு மின்னும் பெட்டி. ஸ்டேஷனில் உட்கார்ந்து ரயில் உத்தரவு எழுதி, ஓடும் ரயிலுக்குக் கம்பில் மாட்டி நீட்டிய ஆபரேட்டர் போனார். டிரைவர், ஃபயர்மேன், கண்டக்டர், இரண்டு மூன்று பிரேக்மேன் என்று இருந்த கூட்டம், பெரிய கம்பெனிகளின் ரயில்களில் இன்று வழக்கமாக இரண்டு பேர்.

அந்த ஆட்களுக்குத் தெரிந்த வேலை எங்கே இருக்கிறது? இன்ஜின் மியூசியத்தில் இருக்கிறது. கபூஸ் பூங்காவில் நிற்கிறது, குழந்தைகள் ஏறி விளையாடுகிறார்கள். வேபில் பழைய பொருள் விற்கிறவரிடம் கிடைக்கிறது. ஆனால் ஐந்து வேகனோடு வந்து, மூன்று வேகனுக்கு மட்டும் இடமுள்ள லைனில், எக்ஸ்பிரஸ் வருவதற்குள் வேலையை முடிப்பது எப்படி என்ற அறிவை மியூசியத்தில் கண்ணாடிக்குள் வைக்க முடியாது. செய்துபார்த்தால்தான் அது இருக்கும். இன்று அதைச் செய்துபார்க்கிற இடங்களில் ஒன்று யாரோ ஒருவருடைய பேஸ்மெண்ட்.

ரயில் சும்மா சுற்றும்போது துடைக்கப்படுவது அந்த மனிதர்கள்தான். ஜனவரிக் குளிரில் ஐஸ் பிடித்த ஏணியில் ஏறி வேகன் கூரைமேல் நடந்து கைபிரேக் திருகின பிரேக்மேன், இருபது வேபிலை முழங்கால்மேல் அடுக்கி வரிசை யோசித்த கண்டக்டர்... இவர்கள் இல்லாமலே ரயில் தானாக ஓடியது போல ஒரு தோற்றம். வேகன் கூரையில் அந்த நடைபலகையை அச்சு அசலாகச் செய்து ஒட்டியிருக்கிறார்கள். அதில் யார் நடந்தார், எதற்கு நடந்தார் என்ற கேள்வி மட்டும் இல்லை. இதைவிடப் பெரிய தப்பு ரிவெட் எண்ணிக்கையில் என்ன இருந்துவிடப் போகிறது?

கடைசியாக ஒன்று. இருக்கிற லேஅவுட்டை இடிக்க வேண்டாம், வட்டத்தைப் பிய்க்க வேண்டாம், புதிதாக ஒரு டாலர் செலவழிக்கவும் வேண்டாம். பத்து வேகனுக்குப் பத்து அட்டை எழுதினால் போதும். வட்டத்தில் எங்கேயோ பூச்செடி மாதிரி நிற்கும் அந்தத் தொழிற்சாலைக்கு ஒரு பெயர், அதற்கு வரும் சரக்கு ஒன்று, போகும் சரக்கு ஒன்று. ரயில் பத்துச் சுற்றுச் சுற்றட்டும், அதை அறுநூறு மைல் என்று வைத்துக்கொள்ளலாம். பதினோராவது சுற்றில் அந்தத் தொழிற்சாலை வாசலில் நிறுத்தி, ஒரு வேகனைக் கழற்றி உள்ளே விட்டு, அங்கே நிற்கும் காலி வேகனை மாட்டிக்கொண்டு கிளம்பட்டும். அந்த முதல் வேகனை விட்டுவர அரைமணி நேரம் திண்டாடினவர், அதற்கப்புறம் ரிவெட் எண்ண உட்காருவாரா என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.